‘ஹக்கிள்பெரி ஃபின்’: எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: என் மகள் ஹூஸ்டனில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைப் பாடமாக வைக்கப்போகிறார்களாம். அதில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லை ‘அடிமை’ என்று மாற்றிய பதிப்பை வாங்கலாமா என்று பள்ளியில் பெற்றோரின் கருத்தைக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: மூலப் பதிப்பையே கேளுங்கள், சகோதரி.

அந்தத் திருத்தப் பதிப்பு 2011இல் அலபாமாவில் வெளிவந்தது. அந்தச் சொல்லை இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மாற்றிய ஆலன் கிரிப்பன், ட்வைனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர். அந்தச் சொல் இருப்பதாலேயே நாவலை வகுப்பில் நடத்த முடியவில்லை என்று ஆசிரியர்கள் முறையிட்டதால்தான் அவர் இதில் இறங்கினார். நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த மாற்றுச்சொல் கதைக்கே பொருந்தவில்லை.

ஆறாம் அத்தியாயத்தில், ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியர் தன் ஊரில் வாக்களிக்கலாம் என்பதைக் கேள்விப்பட்டு, கதைநாயகனான சிறுவன் ஹக்கின் தந்தை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடிகாரர், கொதிக்கிறார். அந்தப் பேராசிரியர் சுதந்திர மனிதர் என்பதுதான் கோபத்துக்கே காரணம். அவரை எப்படி அடிமை என்பது? முப்பத்திரண்டாம் அத்தியாயம் இன்னும் கூர்மையானது. நீராவிப் படகில் நடந்ததாக ஹக் புனைந்து சொல்லும் விபத்தைக் கேட்டு, யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை பதறுகிறார். யாருக்கும் இல்லை, ஒரு கறுப்பர் செத்தார் என்று அந்த இழிசொல்லிலேயே ஹக் பதில் சொல்ல, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுமே என்று அத்தை நிம்மதி அடைகிறார். இவர் கொடுமைக்காரி அல்லர். வீட்டுக்கு வந்த பிள்ளையை அள்ளி அணைக்கும் நல்ல பெண்மணி. அப்படிப்பட்டவரின் கணக்கில்கூட அந்த நிறத்தவர் மனிதராக இல்லை என்பதைத்தான் ட்வைன் காட்டுகிறார். அங்கே ‘அடிமை’ என்று போட்டால், நிறத்தின் மீதான இழிவு வெறும் சட்டநிலையாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்காக, மூலத்தை வாங்கிக் கொடுத்தாலே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியர் அந்தச் சொல்லை உரக்கப் படிக்கும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கறுப்பின மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்நாவலை முதன்முறை படித்தபோது அச்சமும் கலக்கமுமே மிஞ்சின என்று அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் டோனி மோரிசன் எழுதியிருக்கிறார். ஆயினும், நூலைப் பள்ளியிலிருந்து அகற்றக் கோருவது பெரியவர்களைச் சமாதானப்படுத்துமே தவிரப் பிள்ளைகளுக்குக் கல்வி ஆகாது என்பதே அவர் கருத்து.

எனவே உங்கள் பதிலில் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் அந்தச் சொல்லை எவரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. நாவலைத் தொடங்குமுன், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் சில பகுதிகளையாவது நடத்த வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று பள்ளி சொன்னால், இந்த ஆண்டு வேறொரு நாவலை வைக்கட்டும். திருத்திய பதிப்பைவிட அதுவே மேல்.