சிறுநீரகக் கட்டியில் கறுப்பு நிறமி: மெலனோமாதானா?

ஏழெட்டுக் கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். பயம் என்னவோ ஒன்றுதான். தங்கைக்கு ஒரு சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘பழுப்பு-கறுப்பு நிறமி, எச்எம்பி45 பாசிட்டிவ்’ என்றிருக்கிறது. எச்எம்பி45 என்பது நிறமி செல்களின் புரதம் கட்டியில் இருக்கிறதா என்று பார்க்கும் சாயப் பரிசோதனை. இணையத்தில் தேடியதும் ‘தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் உள்ளே பரவிவிட்டது’ என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

அந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சிறுநீரகத்தில் வரும் ஆஞ்சியோமயோலிப்போமா என்ற கட்டியிலும் எச்எம்பி45 பாசிட்டிவ்தான். அது பெரும்பாலும் தீங்கற்றது. முதலில் அந்த நிறமி, தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின்தானா என்று தெரிய வேண்டும். பழைய ரத்தக்கசிவின் இரும்புச்சத்தும் மைக்ராஸ்கோப்பில் பழுப்பாகவே தெரியும். அதற்கான சாயம் போட்டால் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மெலனின் என்று உறுதியானால் எஸ்100, சாக்ஸ்10 என்ற இன்னும் இரண்டு புரதங்களுக்கான சாயப் பரிசோதனை பார்க்க வேண்டும். மெலனோமாவில் இவை வழக்கமாகப் பாசிட்டிவ். இரண்டும் நெகட்டிவ் என்றால், டிஎஃப்இ3 மரபணு உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டதால் வரும் அபூர்வக் கட்டியா என்று, மரபணு உடைப்பைக் காட்டும் ஃபிஷ் பரிசோதனையில் பார்ப்பார்கள். ஃபிஷ்ஷுக்கும் சில உடைப்புகள் தப்பிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஆர்என்ஏ பரிசோதனை. இந்தக் கட்டியும் சாதாரணமானதல்ல, பரவக்கூடியதுதான். ஆனால் மெலனோமாவுக்கான மருந்தை இதற்குக் கொடுத்துவிடக் கூடாது. அப்புறம், அந்த மரபணுக் கோளாறு கட்டியின் செல்களில் மட்டும் இருப்பது. பிள்ளைகளுக்கு வராது.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்கு முக்கியம். தங்கைக்கு எப்போதாவது ஒரு மச்சம் வளர்ந்ததா, நிறம் மாறியதா, ரத்தம் கசிந்ததா? பல வருடங்களுக்கு முன்பு ஒன்றைச் சுட்டோ வெட்டியோ எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டார்களா? ‘மச்சமெல்லாம் இல்லை டாக்டர்’ என்பார்கள்; செருப்பைக் கழற்றச் சொன்னால் உள்ளங்காலில் இருக்கும். பாதம், நகத்தடி, தலைமுடிக்குள் எல்லாம் தோல் மருத்துவர் பார்க்கட்டும். கண்ணின் உட்புறத்தையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பழைய மச்சம் ஏதாவது உண்டென்றால் இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் ஆபரேஷன் தழும்பு கறுத்திருப்பது, வைட்டமின் மாத்திரையால் சிறுநீர் மஞ்சளாகப் போவது இரண்டையும் மறந்துவிடுங்கள். ‘சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்’ பொடியை யார் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? மிச்சமிருப்பது ஒரே சிறுநீரகம். அதை இன்றே நிறுத்துங்கள். வலி மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சிறுநீரகக் கட்டிகளில் அனுபவமுள்ள நோய்க்கூறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். ரிப்போர்ட்டின் போட்டோவை மட்டும் அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்லைடுகளும், கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் வேண்டும். வேலை முடிந்ததும் பிளாக்கைக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.