டிலேனி, பானி, விருந்தாளிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டிலேனி, பானி என்ற அமெரிக்கக் கணவன் மனைவி பாடி நடத்திய 'டிலேனி அண்ட் பானி' ராக் குழுவை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். கிடார்காரர்கள் எரிக் கிளாப்டன், பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன், டுவேன் ஆல்மன், பியானோக்காரர் லியான் ரஸ்ஸல் என்று இத்தனை பேர் வந்து வாசித்த குழு ஏன் சில வருடங்களிலேயே கலைந்தது? கணவன் மனைவி ஒரே தொழிலில் இருந்தால் இப்படித்தான் ஆகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டாவது கேள்வி திண்ணை வம்பு. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்கள் சூசன் டெடெஸ்கியும் டெரக் ட்ரக்ஸும் 2001ல் கல்யாணம் செய்து 2010ல் சேர்ந்து குழு தொடங்கியவர்கள், இன்றும் ஒரே மேடையில் வாசிக்கிறார்கள், போதுமா? டிலேனியும் பானியும் 1967ல் லாஸ் ஏஞ்சலஸில் சந்தித்து அந்த வருடமே மணந்தார்கள், எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிந்தார்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.

என்னை உறுத்தியது நீங்கள் போட்ட பட்டியல். நாலு பெயர், நாலும் விருந்தாளிகள். பாடியது யார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே தப்பைச் செய்தவன்தான். கல்லூரி விடுதியில் அறை நண்பன் ஒரு கேசட் கொடுத்தான், மேலே நீல பால்பாயிண்டில் 'கிளாப்டன்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பெண் குரலை யாரோ பின்பாட்டுக்காரி என்றே நினைத்திருந்தேன். அதில் 'தட்ஸ் வாட் மை மேன் இஸ் ஃபார்' என்று மெதுவான ப்ளூஸ் ஒன்று, முழுக்க பானியின் பாட்டு. கிடார் எப்போது வரும் என்ற அவசரத்தில் அதைப் பலமுறை ஓட்டிவிட்டிருக்கிறேன். அறிவு கெட்டவன்!

அந்த கேசட்டில் இருந்தது 1969 டிசம்பரில் இங்கிலாந்தின் க்ராய்டனில் கச்சேரியில் பதிவு செய்த ஆல்பம். தலைப்பிலேயே கிளாப்டன் பெயர் இருக்கிறது. அட்டையில் பாலைவனம், ஒரு ரோல்ஸ் ராய்ஸ், ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள். புருஷன் முகமும் இல்லை, பெண்டாட்டி முகமும் இல்லை.

கிளாப்டன் பாவம், அவரைச் சொல்லி என்ன. அந்த வருடம் அவருடைய ப்ளைண்ட் ஃபெய்த் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் இவர்கள்தான் முன்கச்சேரி வாசித்தார்கள். அவர் தன் குழுவை விட்டுவிட்டு இவர்களோடுதான் சுற்றினார், ஓரமாக நின்று வாசிக்கும் ஆசையில்தான் வந்தார். டிலேனி அவரைப் பாட வைத்து, 1970ல் அவருடைய முதல் தனி ஆல்பத்தையும் தயாரித்துக் கொடுத்தார். அதில் 'லெட் இட் ரெயின்' பாட்டு பானியும் கிளாப்டனும் சேர்ந்து எழுதியது. கார்பெண்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழு 1971ல் பாடிப் பெயர் வாங்கிய 'சூப்பர்ஸ்டா'ரிலும் பானியின் கை உண்டு, அதை எத்தனை பேருக்குத் தெரியும்?

குழு ஏன் கலைந்தது என்றுதானே கேட்டீர்கள். 1970ல் குழுவின் பேஸ் கிடார்காரர் காரல் ரேடிலும் டிரம்ஸ்காரர் ஜிம் கார்டனும் ரஸ்ஸலோடு சேர்ந்து பாடகர் ஜோ காக்கருக்கு வாசிக்கப் போனார்கள், அங்கிருந்து நேராகக் கிளாப்டனிடம். கீபோர்டு வாசித்த பாபி விட்லாக்கும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். சாப்பிட வந்தவர்கள் சமையல்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறமும் இரண்டு வருடம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரிய விஷயம்.

அந்த கேசட்டை நண்பன் திரும்ப வாங்கிக்கொண்டான். மேலே இருந்த பெயரைத் திருத்தாமலே கொடுத்துவிட்டேன்.