சைக்கிள் பயிற்சி மட்டும் பனிச்சறுக்குக்குப் போதுமா?

கேள்வி: ஜூனில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனின் நிதிக்காக லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு சைக்கிள் ஓட்டப்போகிறேன். அதற்கு முன் மார்ச்சில் ஒரு வாரம் பிரான்ஸின் வால் தோரான்ஸில் பனிச்சறுக்கு. தனிப் பயிற்சி வேண்டுமா?

பதில்: வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். 54 மைல் ஓட்டத் தயாராகும்போதே மூச்சு பலப்பட்டுவிடும். வால் தோரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அது பெரிய துணை.

குறை தொடையில்தான். பெடலை மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. சறுக்கும்போதோ முழங்காலை மடக்கி எடையைத் தாங்கியபடியே அதே தசை நீள வேண்டும். சைக்கிள் இதைப் பழக்குவதே இல்லை. குளிர்காலம் முழுக்க ஓட்டிவிட்டு முதல்முறை பனிக்குப் போன நான், இரண்டாம் நாள் காலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்கினேன்.

மருந்தும் படிதான். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். மூன்று எண்ணியபடி மறுகாலை மெதுவாக இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. கண்ணாடி முன் செய்தால் தெரியும். காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று, வாரம் இரு நாள். ஜனவரியிலேயே தொடங்குங்கள். கூடவே பக்கவாட்டில் தாவிப் பழகுங்கள். நீண்ட சவாரிக்கு முந்தைய நாள் மட்டும் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மேடுகள். பிரைட்டனுக்குச் சற்று முன்னால் டிச்லிங் பீக்கன் ஏற்றம் காத்திருக்கிறது.