பைண்டிங் பள்ளம் ஆழமாகிறதா? பேரிங்கை மாற்றுங்கள்

19 மி.மீ. ரூட்டர் பிட்டில் (மரத்தில் பள்ளம் வெட்டும் இயந்திரத்தின் அலகு) 12.7 மி.மீ. பேரிங் (மரச் சுவரைத் தொட்டு உருளும் வளையம்) போட்டு ஓட்டியதில் 3 மி.மீ.க்கு மேல் வெட்டிவிட்டது, கிட்டார் விளிம்பைச் சுற்றி ஒட்டும் பட்டையான பைண்டிங்கோ 1.5 மி.மீ.தான் என்றிருந்தீர்கள். பிட் மேல் தப்பில்லை. பிட் விட்டத்தில் பேரிங்கின் வெளிவிட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவதுதான் வெட்டு. 16 மி.மீ. பேரிங் போட்டால் கச்சிதமாக 1.5.

625 எண் பேரிங் வெளியே 16, உள்ளே 5 மி.மீ. ஆனால் பிட் நுனித் தண்டைக் காலிப்பர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். நிறைய பிட்களில் அது 4.76 மி.மீ. (அங்குலக் கணக்கு, அந்தத் தலைவலி நம்மை விடாது.) 5 மி.மீ. துளை அதில் ஆடும், பள்ளத்தின் சுவர் அலையலையாக வரும். தண்டைச் சுற்றி 0.1 மி.மீ. பித்தளைத் தகடு ஒரு சுற்று வைத்தால் ஆட்டம் நின்றுவிடும்.

பைண்டிங் மரத்தைவிட மயிரிழை துருத்திக்கொண்டு நிற்பதே நல்லது, பிறகு சுரண்டிச் சமன் செய்யலாம். அதற்குக் கிட்டாரின் பக்கச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒரு அடுக்கு ஒட்டி, அதன் மேல் பேரிங்கை ஓட்டுங்கள். பேரிங்கிலேயே டேப் சுற்றாதீர்கள், பாதியில் உரிந்து வந்துவிடும். முதலில் கழிவு மரத்தில் வெட்டி, பைண்டிங் துண்டை வைத்து விரலால் தடவிப் பாருங்கள்.