பதில்: நாற்றுப்பண்ணைத் தளத்தில் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது

வணக்கம். 'கிளிமூக்கு மாங்கன்று நடும் முறை' என்ற பதிவின் முகவரி 'நடு' என்பதோடு நின்றுவிடுகிறது, அதே தொடக்கமுள்ள அடுத்த பதிவுக்கு 2 என்று வால் சேர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இது உங்கள் தவறு இல்லை.

உங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், முகவரியில் தலைப்பிலிருந்து வரும் இந்தத் துண்டுக்கு 200 எழுத்திடம்தான் தருகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் முகவரியில் ஒன்பது இடம் பிடிக்கும். புள்ளி, கொம்பு, சுழி எல்லாமே தனிக்குறிதான்! அதனால் 22 குறிகளில் இடம் தீர்ந்துவிடும். தலைப்பை மாற்ற வேண்டாம். பதிவைத் திருத்தும் பக்கத்தில் ஸ்லக்கை (அந்த முகவரித் துண்டை) மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். வெளியிட்ட பதிவு என்றால் பழைய இணைப்பு தானாகவே புதியதற்குப் போகும். ஆனால் 'பக்கம்' வகைக்கு அதை நம்ப வேண்டாம், ரீடைரெக்ஷன் என்ற செருகுநிரலில் பழைய முகவரியையும் புதியதையும் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கிறீர்கள். மூன்றும் ஒரே மா. ஒரே பதிவாக்கி, எல்லாப் பெயரையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வாங்குபவர் தன் ஊர்ப் பெயரில்தான் தேடுவார். ஒட்டுப்பகுதி (கன்றில் ஒட்டுக் கட்டிய இடம்) மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதையும் படத்தோடு போடுங்கள், பலர் அதை மண்ணில் புதைத்துத்தான் கன்றை இழக்கிறார்கள்.