மதுரையில் கிட் விமானம் கட்டத் தனியாக இறங்கலாமா, கிளப்பில் சேர வேண்டுமா?

கிளப்பில் சேருங்கள். கிட் விமானம் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக் கட்டும் சிறு விமானம். கையில் பணமும் ஒரு ஷெட்டும் இருப்பதால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டவில்லையா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். கட்டினார், அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த ஆறு இருக்கை விமானத்துக்குப் பதிவு கிடைத்தது 2017-இல், பல வருடம் அலைந்த பிறகு. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

எங்கள் கிளப்பில், கப்பலூரில் தகர ஷெட் ஒன்றில் எட்டுப் பேர் சேர்ந்து செனித் சிஎச் 701 என்ற கிட் விமானத்தைக் கட்டுகிறோம். இரண்டு இருக்கை, அலுமினியத் தகடு. முதல் வேலை வாலில் வரும் ரடர், விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் பாகம். மே மாத மதியம், வியர்வையில் ட்ரில் வழுக்கி ஒரு ஓட்டை தகட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் 3.2 மி.மீ. விட்டம் என்றால் ஓட்டையின் நடுவிலிருந்து ஓரம்வரை அதில் இரண்டு மடங்கு, அதாவது 6.4 மி.மீ. இருக்க வேண்டும். எனக்கு இருந்தது நாலு. பறக்கும்போது அதிர்ந்து அதிர்ந்து அங்கேதான் விரிசல் விடும். தெரிந்தே அதில் ரிவெட் அடித்து மூடினேன்.

அடுத்த ஞாயிறு, விமானப்படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். சரியாக அங்கே நின்றது. "தம்பி, இது யார் போட்டது?" நான்தான் என்றேன். திட்டவில்லை. ட்ரில்லை என் கையில் கொடுத்து, "நீங்களே குடைஞ்சு எடுங்க" என்றார். அறுபது ரிவெட்டையும் எடுத்து, புதுத் தகடு வெட்டி, பிசிறு தட்டி மறுபடி மாட்ட மூன்று ஞாயிறு ஆனது. தனியாகக் கட்டியிருந்தால் அந்த ஓட்டையோடு ஏறி உட்கார்ந்திருப்பேன்.

இன்னொரு ஆதங்கம். ஒரு நாளிதழ்க்காரர் வந்து "விமானம் கண்டுபிடித்த மதுரை இளைஞர்" என்று என் படத்தைப் போட்டுவிட்டார். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதை வடிவமைத்தவர் கிறிஸ் ஹைன்ட்ஸ். அந்த ஐயாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் அனுமதி பற்றி முதல் நாளே விசாரித்துவிடுங்கள், கட்டி முடித்த பிறகு அல்ல. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை எங்கள் ஷெட்டுக்கு வந்து பத்து ரிவெட் அடித்துப் பாருங்கள். பணத்தை அப்புறம் எடுக்கலாம்.