பூ பூக்கிறது, காய் நிற்கவில்லை: கோகோ தோட்டத்தில் குறைவது எந்த அடுக்கு?

கேள்வி: கோகோ நட்டு ஆறு வருடம் ஆகிறது. மழைக்காடு மாதிரியே அமைக்க வேண்டும் என்று மேலே உயரமான நிழல் மரங்கள், நடுவில் வாழை, அடியில் கோகோ என்று வைத்திருக்கிறேன். மரங்கள் பசேலென்று இருக்கின்றன, பூவும் நிறைய வருகிறது. ஆனால் ஓரிரு நாளில் கொட்டிவிடுகிறது. மரத்துக்கு ஐந்தாறு காய்தான் தேறுகிறது. வாரம் தவறாமல் சருகைக் கூட்டி எரித்து, தோட்டத்தைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். உரத்தைக் கூட்ட வேண்டுமா? காட்டில் யாரும் உரம் போடுவதில்லையே, அங்கே மட்டும் எப்படிக் காய்க்கிறது?

பதில்: உரக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் சருகு எரிப்பதை நிறுத்துங்கள். மழைக்காட்டின் மேல் அடுக்குகளையெல்லாம் கொண்டுவந்துவிட்டு, அடி அடுக்கை மட்டும் வாரம் ஒருமுறை நெருப்பில் போடுகிறீர்கள்.

வெப்பமண்டல மழைக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ மழை பெய்யும். தண்ணீருக்கும் வெப்பத்துக்கும் குறைவில்லாததால் மரங்களுக்குள் போட்டியெல்லாம் வெளிச்சத்துக்குத்தான். ஆங்காங்கே தலை நீட்டும் நெட்டை மரங்கள் 45 மீட்டரைத் தாண்டும். போர்னியோவில் 100 மீட்டர் உயர மரம்கூட உண்டு. அவற்றுக்குக் கீழே, ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில், மர உச்சிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூரை போட்டதுபோல நிற்கும். இதை விதானம் என்பார்கள். அதற்கும் கீழே சிறு மரங்கள், அப்புறம் தரை. மேலே விழும் வெளிச்சத்தில் 1 அல்லது 2 சதவீதம்தான் தரைக்கு வந்து சேரும். அதனால் முதிர்ந்த காட்டுக்குள் தாராளமாக நடக்கலாம். கத்தியால் புதரை வெட்டிக்கொண்டே போவதெல்லாம் ஆற்றோரத்திலும், மரம் விழுந்து வெயில் இறங்கிய இடத்திலும்தான்.

கோகோ அமேசான் காட்டின் அந்தச் சிறு மர அடுக்கில் பிறந்தது. பலாவைப் போலத் தண்டிலும் தடித்த கிளையிலும் பூ வைப்பது அதன் வழக்கம். மகரந்தம் இதழின் குழிவுக்குள் மறைந்திருப்பதால், அங்கே நுழைந்து வர மிகப் பொடிசான பூச்சி வேண்டும். கோகோவுக்கு முக்கியமாக அந்த வேலையைச் செய்வது மிட்ஜ் என்கிற ஈ. நீளம் 1 முதல் 3 மி.மீ.தான், கொசுவைவிடச் சிறியது. அது முட்டையிடுவதும் புழு வளர்வதும் ஈரமாக மட்கும் சருகில். நல்ல தோட்டத்திலேயே நூறு பூவுக்கு ஐந்து காய் பிடித்தால் பெரிது. ஈயும் இல்லையென்றால் பூத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ பூ கொட்டத்தான் செய்யும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

காட்டில் யார் உரம் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். மழைக்காட்டு மண் பெரும்பாலும் ஏழை மண். பல்லாயிரம் ஆண்டு மழையில் சத்தெல்லாம் கரைந்து, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய, அமிலத்தன்மை கூடிய புளித்த மண். காட்டின் சத்தில் பெரும்பங்கு மரங்களுக்குள்ளேயே இருக்கிறது. இலை விழுந்ததும் பூஞ்சணமும் கரையானும் அதைச் சில மாதங்களில் சிதைத்துவிடும். மேலாகப் பின்னிக் கிடக்கும் வேர்ப்பாய் அந்தச் சத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அமேசான் பகுதியில் அந்த வேர்ப்பாயின் மேல் கால்சியமும் பாஸ்பரஸும் தெளித்துப் பார்த்த ஓர் ஆய்வில், கீழே கசிந்து போனது 0.1 சதவீதம்தான். இந்தச் சுழற்சியைத்தான் நீங்கள் தீயால் அறுக்கிறீர்கள். எரித்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) புகையாகப் போகும், சாம்பலில் நிற்கும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அடுத்த மழையில் ஓடும்.

அதற்காக உரமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். காடு தன் காயை வெளியே விற்பதில்லை, நீங்கள் விற்கிறீர்கள். காயோடு போகும் சத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள். பச்சை பசேலென்று இருப்பதால் தழைச்சத்தை மட்டும் இப்போது கூட்ட வேண்டாம்.

சருகை விழுந்த இடத்திலேயே நான்கு விரல்கடை உயரத்துக்குக் கிடக்க விடுங்கள். தார் வெட்டிய வாழைத்தண்டைத் துண்டு போட்டு மரங்களுக்கு நடுவே குவியுங்கள். மிட்ஜ் ஈக்கு அது மிகவும் பிடித்த இடம். உடைத்த கோகோ ஓட்டையும் அதில் சேர்க்கலாம், காய் கறுத்து அழுகும் கருங்காய் அழுகல் நோய் கண்ட காயின் ஓடு மட்டும் கூடாது. வெயில் காலத்தில் குவியல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து வேண்டாம், உதவும் ஈதான் முதலில் சாகும்.

நிழலையும் பாருங்கள். காட்டின் இருட்டு தோட்டத்துக்குத் தேவையில்லை. நண்பகலில் தரையில் பாதிக்குப் பாதி வெயில் திட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிழல் மரங்களைக் கவாத்து செய்யுங்கள். இருட்டு கூடினால் பூ குறையும், அழுகலும் பரவும்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. சில கோகோ மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அன்று காலை விரிந்த பூக்களில் இருபதுக்கு அதே மரத்தின் மகரந்தத்தையும், வேறு இருபதுக்குப் பக்கத்து மரத்தினுடையதையும் கையால் தடவி, வெவ்வேறு நிற நூல் கட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் பிஞ்சு நின்றால் குறை ஈயில்தான். பக்கத்து மரத்து மகரந்தம் தடவியதில் மட்டும் நின்றால், வேறு ரகக் கன்றுகளை இடையிடையே நட வேண்டியிருக்கும். எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள், எத்தனை மரத்துக்கு ஒன்று என்று அப்போது சொல்கிறேன்.